கடைசி வரியில் அறுபத்தெட்டு

மார்ச் 3

வெயில் வியாபாரி மச்சானுக்கு,

உன் குரலை இனிக் கேட்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் உன் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அனல்மின் நிலையக் கண்ட்ரோல் ரூமில் முப்பத்தாறு வருடம் ஷிப்ட் பார்த்தவன் நான். லாக் புக்கில் ஏறாத சங்கதி நடக்கவே இல்லை என்பது எங்கள் வழக்கம். நீ போனில் அனுப்பும் குரல் செய்தி, கைகூப்பும் பொம்மை, எதையும் திறக்கப் போவதில்லை.

நேற்று உன் ஆட்கள் இருவர் வந்தார்கள். மொட்டைமாடியில் எட்டு சோலார் பேனல்களைப் பரப்பினார்கள். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள நடைவழிச் சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை மாட்டினார்கள். பேட்டரியாம், நூற்றைந்து கிலோவாம். வெள்ளையடித்து ஆறு மாதம் ஆகாத சுவரில் பூட்ஸ் தடம். மூடியில் ஆறு திருகாணி இருக்க வேண்டும், ஐந்துதான் இருக்கிறது. கேட்டால் ஒருவன் சொல்கிறான், "அஞ்சே போதும் சார், ஒண்ணும் ஆகாது." எங்கள் டர்பைன் பக்கம் ஒருத்தன் இப்படிப் பேசியிருந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நின்றிருப்பான்.

உன் அக்கா கட்டிலில் சாய்ந்தபடி, மூக்கில் குழாயோடு, இதையெல்லாம் ஏதோ கல்யாண ஊர்வலம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் தம்பி போட்டுக் குடுத்தது" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. பேச மூச்சு இல்லாதவளுக்கு இதைச் சொல்ல மட்டும் மூச்சு இருக்கிறது.

டாக்டர் சொன்னபடி ஆக்சிஜன் மெஷின் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. அதற்கு லைன் கரண்ட் போதும். வாரத்தில் இரண்டு தடவை போகும், வந்துவிடும். போகிற நேரத்துக்கு மூலையில் சிலிண்டர் நிற்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கே கடையைச் சாத்திவிடுகிற சூரியனை நம்பி உன் அக்கா மூச்சு விட வேண்டிய அவசியம் இல்லை. அவள் அழுததால் மாட்ட விட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்


மார்ச் 8

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

மரியாதை அக்காவுக்காக.

இந்தக் காலத்தில் தபாலில் சண்டை போடும் ஒரே குடும்பம் நம்முடையதுதான். தபால்தலை வாங்கப் போன இடத்தில் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

உங்கள் பூட்ஸ் தடத்துக்கும் ஆறாவது திருகாணிக்கும் ஆள் அனுப்புகிறேன். ஆனால் அத்தான், உலகம் எங்கே போய்விட்டது என்று யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும். பேனல் விலை தரைக்கு வந்துவிட்டது. பேட்டரி விலை சில வருடங்களில் பாதிக்குப் பாதி. உப்பிலிருந்து எடுக்கும் சோடியத்தை வைத்துச் செய்யும் பேட்டரியும் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் கிடங்குகள் ஊர் ஊராக முளைத்து, கிடைக்கிற கரண்டையெல்லாம் குடிக்கின்றன. அவர்களே வாசலில் பேட்டரியை கண்டெய்னர் கண்டெய்னராக இறக்கி வைக்கிறார்கள். உங்கள் அனல் நிலையம் சூடாகி எழுந்து பல் தேய்க்கவே எட்டு மணி நேரம். என்னுடையது கண் சிமிட்டும் நேரத்தில் வந்து நிற்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். நான் மாட்டிய இருநூறு வீடுகளின் பேட்டரியையும் இணையத்தில் கோத்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஊருக்குத் தட்டுப்பாடு வந்தால் இருநூறும் ஒரே நேரத்தில் கொடுக்கும். சுவரே இல்லாத மின்நிலையம். அதன் கண்ட்ரோல் ரூம் என் சட்டைப் பையில் இருக்கிறது.

பயப்படாதீர்கள், அக்கா வீட்டை அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. அவள் பேட்டரியில் எண்பது சதவீதத்தை யாரும் தொடாதபடி ஒதுக்கிவைத்திருக்கிறேன். பத்து யூனிட் பேட்டரி. லைன் நாள் பூராவும் போனாலும் மெஷின் ஓடும். ஆகவே அந்தத் துருப்பிடித்த சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடக்கும்போது அவள் காலில் இடிக்கிறதாம். போனில் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்


மார்ச் 14

சுவரில்லாத மின்நிலைய அதிபருக்கு,

வாய்ச்சவடால் கிடைத்தது. படித்தேன்.

மத்தியானம் ஊரே கரண்ட் கொடுக்கிறது, வாங்க ஆள் இல்லை. "போதும், பேனலை நிறுத்து" என்று உங்களுக்கே உத்தரவு வருகிறதாமே? வீட்டுக்காரன் கொடுக்கும் யூனிட்டுக்குப் போன வருடம் தந்த விலையில் பாதிதான் இப்போது தருகிறார்களாமே? நானும் பேப்பர் படிக்கிறேன். வேண்டாத நேரத்தில் கொட்டிவிட்டு, வேண்டும் என்கிற நேரத்தில் கையை விரிக்கிற பிழைப்புக்கு இவ்வளவு பீற்றலா? உன் இருநூறு பெட்டியும் சேர்ந்து எங்கள் கொதிகலன் விசிறி ஒன்றைச் சுழற்றிக் காட்டட்டும், பிறகு மின்நிலையம் என்று சொல்.

இனி விஷயம். நடைவழியில் பல்பு மாற்ற ஏணி போட்டேன். பெட்டியின் வலது பக்கத்தில், சுவரோடு ஒட்டிய இடத்தில், ஸ்டிக்கர் உரித்த பசை இருக்கிறது. உள்ளங்கை அகலம். முன்பக்கத்தில் உன் கம்பெனி ஸ்டிக்கர் பளபளக்கிறது. பசையில் அழுக்கு ஏறியிருக்கிறது. புதுப் பெட்டியில் பழைய அழுக்கு எப்படி வரும்? பழைய மின்சாரக் கார்களிலிருந்து கழற்றிய பேட்டரியைப் புதுப் பெட்டியில் போட்டு விற்கிற கூத்தும் உங்கள் தொழிலில் நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். யாருக்குக் காது குத்துகிறாய்?

உன் அக்காவிடம் சொன்னேன். "அவன் எனக்குப் போய் பழசைக் குடுப்பானா? உங்களுக்கு எப்பவும் அவன் மேல ஒரு இது" என்றாள். அதோடு சிலிண்டரும் போயிற்று. "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவளே ஆளுக்குப் போன் போட்டு எடுத்துப் போகச் சொல்லிவிட்டாள். மூலை காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஏணி மேல் நின்று பார்த்தவன்


மார்ச் 19

அத்தானுக்கு,

பாக்டரியில் ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டியிருப்பார்கள், உரித்து வேறு ஒட்டியிருப்பார்கள். ஒரு பசைத் தடத்தை வைத்துக் கொலை வழக்கு நடத்தும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு நாள் முழுக்க என்ன வேலை, பாவம்.

நீங்கள் இவ்வளவு தூரம் வந்த பிறகு நானும் ஒன்று கேட்கிறேன். இத்தனை நாள் அக்கா முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு இந்த மெஷின் எதனால் வந்தது? பீடி பிடித்தாளா? நிலையத்துக் குவார்ட்டர்ஸில் இருபத்தெட்டு வருடம் இருந்தாள். லீவுக்கு வருவேன். காலையில் காயப்போட்ட துணியை மத்தியானம் எடுத்து உதறுவாள், கறுப்பாகக் கொட்டும். ஜன்னல் கட்டையை நாளைக்கு மூன்று தடவை துடைப்பாள். "இங்க இப்பிடித்தாண்டா" என்று சிரிப்பாள். நீங்கள் குளிரூட்டிய கண்ட்ரோல் ரூமில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து லாக் புக் எழுதினீர்கள். அவள் அந்தச் சாம்பலைத் தின்றாள். அது எந்த லாக் புக்கில் ஏறியது?

உங்கள் கரி அவள் மூச்சை வாங்கியது. என் வெயில் அதைத் திருப்பித் தருகிறது. பிடிக்காவிட்டால் சுவரைப் பார்த்து உட்காருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்


மார்ச் 23

கிடைத்தது.

அந்தக் கடிதத்தை உன் அக்கா கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.

பத்து யூனிட் என்றாய். சரி. வாய் பேசி இனிப் பயனில்லை. உன் பெட்டியின் வண்டவாளம் எண்ணாக, அரை மணிக்கு ஒரு வரியாக, உன் கைக்கு வரும். அதைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்.


ஏப்ரல் 2

மச்சானுக்கு,

நீ வந்தாய். மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவின் அந்தக் கோடியில் நின்றாய். நான் இந்தக் கோடியில் நின்றேன். நர்ஸ் நம் இருவரையும் தனித்தனி நோயாளியின் ஆட்கள் என்று நினைத்து, மருந்துச் சீட்டை இரண்டு தடவை கொடுத்தாள்.

உன் அக்காவைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பேசுகிறாள். நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

நடந்தது இதுதான். 27-ஆம் தேதி சாயங்காலம் ஐந்தேகாலுக்கு இந்தப் பகுதி முழுவதும் லைன் போயிற்று. ஆறு ஐந்துக்கு உன் பேட்டரி காலி. மெஷின் நின்றது. நாள் பூராவும் ஓடும் என்று நீ எழுதிய பெட்டி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நீ திருப்பி அனுப்பச் சொன்ன சிலிண்டர் மூலையில் இல்லை. ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிடம். அந்த முப்பத்தைந்து நிமிடத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் தொழிலைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 7

அத்தானுக்கு,

எழுதுவேன்.

நான் மாட்டும் ஒவ்வொரு பெட்டியும் நடப்பதையெல்லாம் நிமிடக் கணக்கில் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதுவும் ஒரு லாக் புக்தான் அத்தான். அதிலிருந்து 27-ஆம் தேதியை அப்படியே எழுதுகிறேன்.

மூன்று மணி, ஒதுக்கீடு எண்பதிலிருந்து பூஜ்யமாக மாற்றப்பட்டது, சுவரிலுள்ள திரையில் கையால். மூன்று ஒன்று, பேனல் சுவிட்ச் இறக்கப்பட்டது. மூன்று இரண்டு, மெயின் சுவிட்ச் இறக்கப்பட்டது. மூன்று மூன்றிலிருந்து இரண்டாயிரம் வாட் சுமை நிற்காமல். அது உங்கள் வீட்டு கீசர். ஐந்தேகாலுக்கு லைன் போனதாம், ஆறு ஐந்துக்கு பேட்டரி நின்றதாம், ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லையாம்! வெளியே லைன் போனது உங்கள் வீட்டுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள்தான் அதற்கு முன்பே அறுத்து வைத்திருந்தீர்களே.

பெண்டாட்டி மூச்சு விடும் பேட்டரியில் பரீட்சை வைக்கிற புத்தி உங்களைத் தவிர எவனுக்கும் வராது. என்னை ஒரு கடிதத்தில் மடக்க வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு அக்காவா கிடைத்தாள்?

இதைப் பார்த்ததும் அன்றைக்கே வந்து உங்கள் சட்டையைப் பிடிக்கத்தான் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை போனேன். ஏன் திரும்பினேன் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நானும் உங்களைப் போல் பாதி எழுதுகிறவன் ஆகிவிடுவேன்.

மூன்று மணிக்கு என் போனில் எச்சரிக்கை வந்தது. அலறியது. நான் அப்போது ஒரு கண்காட்சியில் மேடையில் நின்று, இருநூறு வீடுகள் என் உள்ளங்கையில் என்று பேசிக்கொண்டிருந்தேன். எந்த வீடு என்றுகூடப் பார்க்காமல் விரலால் தள்ளிவிட்டேன். பேச்சு முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள்.

பசைத் தடம் நீங்கள் சொன்னதுதான். பழசு. கார்களிலிருந்து கழற்றியது. விலை ஏறும் என்று நினைத்துப் புதுப் பேட்டரிகளாக வாங்கிக் கிடங்கை நிரப்பினேன். மாதத்துக்கு மாதம் விலை இறங்கியது, பாதி நட்டத்துக்கு எல்லாவற்றையும் தள்ள வேண்டியதாயிற்று. அக்காவுக்குப் போட வேண்டிய நேரத்தில் என்னிடம் புதுசு ஒன்றுகூட இல்லை. இல்லை என்று உங்களிடம் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அதுவும் உங்களிடம்!

அக்கா என் பெட்டிதான் காலைவாரியது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நேற்றுப் போனில், "விடுடா, மெஷின்னா நிக்கத்தான் செய்யும், நீ சாப்பிட்டியா?" என்கிறாள். நான் மூன்று மணிக் கதையைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். சொல்லிவிட்டு, அந்த அரை மணிக் கணக்குக் காகிதம் என்றீர்களே, அதை எனக்கு அனுப்புங்கள்.

மச்சினன்


ஏப்ரல் 12

மச்சானுக்கு,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே, அவள் சாப்பிட்டு முடித்ததும், நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மூணு மணிக்கு" என்று ஆரம்பித்தேன்.

அவள், "தெரியும்" என்றாள்.

அன்று மத்தியானம் முழுக்க அவள் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். குளிக்க யாரும் இல்லாமல் சுடுதண்ணீர் குழாயில் ஓடுகிறது, இந்த மனுஷன் பென்சிலும் காகிதமுமாக நடைவழியில் நிற்கிறார், தெரியாதா? ஒரு தடவை கேட்டாள்கூட, எனக்கு நினைவிருக்கிறது. "என்ன பண்றீங்க?" என்றாள். "உன் தம்பியோட வண்டவாளத்தை எழுதிட்டிருக்கேன்" என்றேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மெஷின் அந்தப் பெட்டியில்தான் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. "நீங்க இன்ஜினியராச்சே, பாத்துப்பீங்கன்னு இருந்தேன்" என்கிறாள்.

உன் பெட்டி பழசு என்பதும் தெரியுமாம். உன் ஆட்கள் தூக்கி வரும்போதே அந்தப் பசைத் தடத்தைப் பார்த்துவிட்டாள். "ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்ட்ட சொன்னா ரெண்டு பேரும் கடுதாசி எழுதறதையும் நிறுத்திடுவீங்க. இப்பவாவது திட்டிக்கறதுக்காச்சும் எழுதறீங்க" என்றாள். இரண்டு கெட்டிக்காரர்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, இரண்டு பேருடைய முட்டாள்தனத்தையும் மூச்சு முட்ட மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

நீ மேடையில் நின்ற கதைக்கு உன்னைத் திட்ட ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துப் போட்டேன். என் கதை அதைவிட அசிங்கம். உன் பழைய பேட்டரியை நம்பாத நான், லைனை நம்பினேன். பேட்டரி பூஜ்யத்துக்கு வரட்டும், உடனே மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டால் லைன் வந்து நிற்கும், மெஷினுக்குத் தெரியக்கூடத் தெரியாது என்று கணக்குப் போட்டேன். முப்பத்தாறு வருடம் நான் காவல் காத்த லைன் அல்லவா? பூஜ்யம் வந்தது. மெயினைத் தூக்கினேன். வரவில்லை. இறக்கித் திரும்பத் தூக்கினேன். ஐம்பது நிமிடமாகத் தெருவே கரண்ட் இல்லாமல் கிடந்திருக்கிறது, நான் வீட்டை அறுத்து வைத்துக்கொண்டு உள்ளே உன்னைத் திட்டி எண் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். பேனலைப் போட்டுப் பார்த்தேன், வெயில் போய்விட்டிருந்தது. சுவிட்சையே தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரனைப் போல. அவள் கட்டிலைத் தட்டிக் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே ஓடினேன்.

சாம்பலைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம்" என்றார்.

நீ கேட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது. மூன்று மணிக்கு நூறு சதவீதம். மூன்றரைக்கு எண்பத்துநான்கு. அப்படியே இறங்கிக்கொண்டு போகும். பக்கத்தில் அந்தந்த அரை மணியில் செலவான யூனிட்டும் இருக்கும். கூட்டிப் பார், பத்து யூனிட் என்று நீ சொன்ன பெட்டி ஏழே கால்தான் கொடுத்திருக்கிறது. ஜெயித்தேன். வைத்துக்கொள்.

ஆறு ஐந்துக்குப் பூஜ்யம் என்று இருக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது, கோணலாக, ஆறு இருபத்தைந்து என்று நேரம் போட்டு, அறுபத்தெட்டு என்று. பூஜ்யத்துக்குப் பிறகு பேட்டரி எப்படி அறுபத்தெட்டுக்கு ஏறும் என்று உனக்குச் சந்தேகம் வரும். அது பேட்டரி இல்லை. அவள் விரலில் மாட்டுகிற கிளிப்பில் தெரிந்த எண். ரத்தத்தில் ஆக்சிஜன். உதடு நீலமாகி, என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் காகிதத்தை எப்போது எடுத்தேன், எப்போது எழுதினேன், எனக்கு நினைவே இல்லை. ஆனால் என் கையெழுத்துத்தான்.

இன்று காலை தொண்ணூற்றுமூன்று. சிலிண்டர் மூலைக்குத் திரும்பி வந்துவிட்டது.

உன் அக்கா ஒரு உத்தரவு போட்டிருக்கிறாள். புதுப் பேட்டரி வர வேண்டும், ஸ்டிக்கர் உரிக்காதது. ஆள் வைக்கக் கூடாது. அதை நாம் இருவரும்தான் மாடிப்படியில் தூக்கி வர வேண்டும், ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். அவள் கதவைத் திறந்து வைத்துக் கட்டிலிலிருந்து பார்ப்பாளாம். நூற்றைந்து கிலோ. எனக்கு இடுப்பு வலி, உனக்குத் தொப்பை. சொன்னேன், கேட்கவில்லை.

வா. ஆறு திருகாணியோடு வா.

அத்தான்